ஏத்தம் எவ்வளவு சார்?

சைக்கிள்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் சௌக்கியம் விசாரிக்க மாட்டார்கள். ‘ஏத்தம் எவ்வளவு?’ என்பார்கள். போய்வந்த பாதையில் மொத்தம் எத்தனை மீட்டர் மேலே ஏறினீர்கள் என்று அர்த்தம். ஆயிரம் மீட்டர் என்றால் மரியாதை. இரண்டாயிரம் என்றால் டீக்காசு அவர் கொடுப்பார்.

எனக்கு இது தெரியவந்தது நாற்பத்துமூன்று வயதில். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை டாக்டர் இரண்டு தடவை படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதன் பலன், ஒரு கியர் சைக்கிள். மூன்றாவது வாரம் தெருமுனை டீக்கடையில் பக்கத்துத் தெரு நண்பரைப் பார்த்தேன். வங்கி உத்தியோகம். சைக்கிள் விஷயத்தில் கரைகண்டவர்.

‘நேத்து எங்கிட்டு சார்?’

‘அரிட்டாபட்டி.’

‘ஏத்தம்?’

செல்போனைப் பார்த்துச் சொன்னேன். ‘தொண்ணூறு மீட்டர் காட்டுது.’

‘ஓ... ஃப்ளாட்டா?’ என்றார். துக்கம் விசாரிக்கிற குரல். ‘பரவால்ல சார், ஆரம்பத்துல அப்படித்தான். ரெண்டு மாசத்துல உங்களக் கொடைக்கானலுக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன்.’

அன்றைக்கு ஒட்டிக்கொண்ட சின்ன எரிச்சல்தான் இந்தக் கட்டுரை. மதுரையிலிருந்து சைக்கிளில் எங்கெங்கே போகலாம் என்று எழுதப்பட்ட குறிப்புகளை ஒரு ஆறு மாசமாகத் தேடித் தேடிப் படித்தேன். பத்திரிகைத் துணுக்கு, குழுக்களின் வழிக்குறிப்பு, ஆங்கிலப் பயணக் கட்டுரை, எதையும் விடவில்லை. எழுதியவர்கள் எல்லாரும் நல்லவர்கள், உற்சாகமானவர்கள், என்னைவிட நன்றாக மிதிப்பவர்கள். ஆனால், எழுதியதைப் படித்தால் ஒரே ஆள் ஊர் பேரை மட்டும் மாற்றி மாற்றி எழுதியதுபோல இருக்கிறது.

காலை நாலரைக்குக் கிளம்புவார்கள். இருட்டு. ‘முதல் அறுபது கிலோமீட்டர் சமதளம், சுவாரஸ்யமில்லை, வேகமாகக் கடந்துவிடவும்.’ வத்தலக்குண்டில் இட்லி. அதன்பிறகு கட்டுரைக்கு உயிர் வரும். முதல் வளைவு, இரண்டாம் வளைவு, வெள்ளிநீர் அருவி, தொடை வலி, மூடுபனி, மேலே போய் சூடாக ஒரு ஆம்லெட், ஏரி முன்னால் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கி ஒரு போட்டோ. சுபம்.

நான் பி.காம். கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. மதுரையிலிருந்து கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர். அதில் பாதி ஒரே வாக்கியத்தில் ‘ரைட் ஆஃப்’ செய்யப்பட்டிருக்கிறது. சோழவந்தான் வட்டாரத்து வெற்றிலைக் கொடிக்காலும் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டும் ஐந்தொகையிலேயே இல்லை. போடிமெட்டுக் குறிப்புகளும் இதே கதைதான். உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி எல்லாம் ‘வழியில் வரும் ஊர்கள்’. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில்தான் பயணம் ஆரம்பம்.

இந்த ரசனை நம்முடையதா என்று யோசித்துப் பாருங்கள். கொடைக்கானல் என்கிற மலைவாசஸ்தலம் எப்படி உண்டானது? 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் அங்கே இரண்டு பங்களா கட்டினார்கள். மதுரைச் சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் அவர்களைப் படுத்தியபாடு அப்படி. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உயிர் பிழைக்கப் போனவர்கள். 1863-ல் லெவிஞ் துரை ஏரி வெட்டவைத்தார். ஆக, மதுரையிலிருந்து தப்பிக்க வேண்டும் என்பதற்காகவே உண்டான ஊர் அது. 180 வருஷம் கழித்து, மதுரையிலேயே பிறந்து, மதுரை வெயிலிலேயே வளர்ந்த நாம் ஞாயிற்றுக்கிழமை காலை நாலரை மணிக்கு அதே தப்பித்தலைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ‘அழகு’ என்றால் மலை, குளிர், பச்சை. மிச்சமெல்லாம் பொட்டல்.

மலை ஏறுவதில் சந்தோஷம் இல்லை என்று சொல்ல வரவில்லை. நண்பர் சொன்னபடியே கூட்டிப் போனார், போடிமெட்டுக்கு. ஒன்பதாவது வளைவில் இறங்கி சைக்கிளைத் தள்ளினேன் (பத்தாவதிலும்). திடீரென்று ஒரு திருப்பத்தில் குளிர்ந்த காற்று சட்டைக்குள் புகுந்தபோது, நாற்பத்துமூன்று வருஷமும் இதற்காகத்தான் வேர்த்தேனோ என்று இருந்தது. நான் சண்டை போடுவது மலையோடு அல்ல சார், எழுத்தோடு.

ஏனென்றால், வழி சொல்கிற எழுத்தில் தமிழன் கற்றுக்குட்டி இல்லை. அதற்கென்றே தனி இலக்கிய வகை வைத்திருந்தோம்: ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. பரிசு வாங்கிவந்த ஒரு கலைஞன், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு கலைஞனிடம் ‘இப்படிப் போ, இன்னாரைப் பார்’ என்று வழி சொல்வது. பத்துப்பாட்டில் பாதி இந்த வகைதான்.

அதில் ‘மலைபடுகடாம்’ என்று ஒன்று. 583 அடி. கூத்தர்களைச் செங்கண்மாவில் இருக்கும் நன்னனிடம் அனுப்புகிற பாட்டு. எழுதியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். இரணியமுட்டம் என்பது நம் அழகர்மலையை ஒட்டிய நாடு என்பார்கள் அறிஞர்கள். அப்படியானால், தமிழின் ஆகச்சிறந்த மலைவழிக் குறிப்பை எழுதியவர் மேலூர்ப் பக்கத்துக்காரர்!

பள்ளிக்கூடத்தில் இதைப் பேர் மட்டும் மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கியதோடு சரி. இப்போது உரையோடு உட்கார்ந்து படித்தால், அடேயப்பா! பன்றிக்கு வைத்த பொறி இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்கிறார். தினைப்புனம் காக்கிறவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பாறை வழுக்கும். ராத்திரியில் நடக்காதீர்கள், குகையில் தங்கிக்கொள்ளுங்கள். இன்ன ஊரில் இன்னார் இருப்பார்கள், நன்னனின் கூத்தர் நாங்கள் என்று சொல்லுங்கள், சொந்தக்காரரைப்போல இன்ன சாப்பாடு போடுவார்கள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒரு இடத்தில் வழி பிரிகிறது. அங்கே என்ன செய்யச் சொல்கிறார் தெரியுமா? பின்னால் வருகிறவர்கள் தடுமாறாமல் இருக்க, சரியான பாதையைச் சுத்தம்செய்து, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் படித்த எந்த சைக்கிள் குறிப்பிலும் ‘பின்னால் வருகிறவன்’ என்று ஒருத்தன் இல்லை. எழுதுகிறவர் மட்டும்தான் இருக்கிறார். அவருடைய தொடை, அவருடைய மூச்சு, அவருடைய நேரம். தண்ணீர் எங்கே கிடைக்கும், வெயிலுக்கு எந்த மரத்தடி, நாய் எந்தத் திருப்பத்தில் துரத்தும், பஞ்சர் ஒட்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பாரா? மூச். பாதையில் மனிதர்கள் வந்தால்கூட ‘கள்ளங்கபடமற்ற கிராமத்து மக்கள் எங்களை ஆச்சரியமாகப் பார்த்தார்கள்’ என்று ஒரு வரி. ஹெல்மெட்டும் இறுக்கிப் பிடித்த டவுசருமாகப் போனால் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

மலைபடுகடாமாவது மலைக்கு வழி. மதுரைக்கே வழி சொல்கிற பகுதி சிலப்பதிகாரத்தில் இருக்கிறது, காடுகாண் காதையில். கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூன்று பேரும் நடந்து வருகிறார்கள். வழியில், குடமலை மாங்காட்டிலிருந்து வரும் ஒரு வயதான அந்தணர் கோவலனுக்கு ரூட் சொல்கிறார். கொடும்பைக் குளக்கரை தாண்டினால் சிவபெருமான் சூலம்போல வழி மூன்றாகப் பிரியும். வலப்பக்கம் போனால் சிறுமலை. இடப்பக்கம் போனால் திருமால் குன்றம், அதாவது அழகர்மலை. மூன்றாவது, நடுவழி.

கொடும்பை என்பது இன்றைய கொடும்பாளூர். திருச்சி - மதுரை சாலையில், விராலிமலை தாண்டி வரும். மதுரைக்கு சுமார் 90 கிலோமீட்டர். வடக்கிலிருந்து மதுரைக்கு வரும்போது சிறுமலை மேற்கே, அழகர்மலை கிழக்கே. மேப்பை விரித்துப் பாருங்கள், அந்தணர் சொன்னது அப்படியே பொருந்துகிறது. இரண்டுக்கும் நடுவே நத்தம். இப்போதைய நான்குவழிச் சாலை இந்த மூன்றிலும் சேராமல், அழகர்மலைக்கும் கிழக்கே தள்ளி மேலூர் வழியாகப் போகிறது. நத்தம் சாலையிலும் மதுரை எல்லையில் 2023-ல் 7.3 கிலோமீட்டர் நீளத்துக்குப் பறக்கும் பாலம் வந்துவிட்டது.

இந்த அந்தணருடைய வழிக்குறிப்பை ஒரு விமர்சகனாகப் படித்தால் வேடிக்கையாக இருக்கிறது. சிறுமலை வழியைச் சொல்லும்போது என்ன விளையும், என்ன பழம் கிடைக்கும் என்று அடுக்குகிறார். அருமையான பகுதி. அழகர்மலைக்கு வந்ததும் மனுஷன் டூரிஸ்ட் கைடு ஆகிவிடுகிறார். அங்கே ஒரு குகை, உள்ளே மூன்று பொய்கை. ஒன்றில் குளித்தால் ஐந்திர இலக்கணம் வந்துவிடும். இன்னொன்றில் குளித்தால் முன்பிறவி தெரியும். மூன்றாவதில் குளித்தால் நினைத்ததெல்லாம் நடக்கும். ‘மிஸ் பண்ணாதீங்க’ ரகம்!

கவுந்தியடிகள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொல்கிற பதில்தான் எனக்குத் தெரிந்து தமிழில் முதல் சுற்றுலா விமர்சனம். அதன் சாரம்: இலக்கணம் எங்கள் நூலிலேயே இருக்கிறது, முன்பிறவியில் செய்தது இந்தப் பிறவியிலேயே தெரிகிறது, உண்மையோடு உயிர்களுக்குத் தீங்கில்லாமல் நடந்தால் கிடைக்காத பொருள் என்ன இருக்கிறது, நீங்கள் போய்வாருங்கள். காலில் கொப்புளத்தோடு நடக்கிறவரிடம் ஸ்பெஷல் அட்ராக்‌ஷனை விற்க முடியாது.

இதே அந்தணர்தான், வழியைச் சொல்வதற்கு முன்னால், வெயிலைப் பற்றிச் சொல்லும்போது, தமிழ் நிலவியலின் மிக முக்கியமான செய்தியைப் போகிறபோக்கில் சொல்கிறார். பாலை என்று தனியாக ஒரு நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப்போனால் எடுக்கிற வடிவம்தான் பாலை. நாம் ‘பொட்டல், சுவாரஸ்யமில்லை’ என்று முத்திரை குத்துகிற இடம் பிறவியிலேயே பொட்டல் அல்ல. அது ஒரு நிலைமை. மே மாசம் பார்த்துவிட்டு எழுதினால் அப்படித்தான் தெரியும். கார்த்திகையில் அதே கண்மாய்க்கரையில் போய்ப் பாருங்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதெல்லாம் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டெர்வ்லா மர்ஃபி என்று ஒரு அயர்லாந்துப் பெண்மணி. பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு உலக வரைபடப் புத்தகமும் பரிசாகக் கிடைக்க, இந்தியாவுக்கு சைக்கிளில் போவது என்று அப்போதே முடிவுசெய்தவர். 1963-ல் போயும் காட்டினார். 1965-ல் வந்த ‘ஃபுல் டில்ட்’ அந்தப் பயணக் கதை. மோசமான ரோட்டில் உடைந்துபோகும் என்று கிளம்பும் முன்பே கியரைக் கழற்றிவிட்ட ஆள்! பாபுசர் கணவாயைத் தாண்டியவர். அவர் புத்தகத்திலும் மலை வருகிறது, ஆனால் மனசில் நிற்பது ஆப்கானிஸ்தானில் அவருக்குத் தங்க இடம் கொடுத்த மனிதர்கள். ஏத்தக் கணக்கு போட்டிருந்தால் அவர் பக்கத்தில் நாம் நிற்க முடியுமா? அவர் போடவில்லை.

நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. கொடும்பாளூர் இருக்கும் அதே புதுக்கோட்டை மாவட்டம். 1990-களின் ஆரம்பத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் சொல்லிக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். லட்சம் பெண்களுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்று எழுதினார் பி.சாய்நாத். அந்தக் கட்டுரை 1996-ல் வந்த அவருடைய புகழ்பெற்ற வறட்சிப் புத்தகத்தில் இருக்கிறது. பெண்கள் ஏன் ஆம்பளை சைக்கிளையும் ஓட்டுகிறார்கள் என்பதற்கு அதில் ஒரு காரணம் வரும். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு பார் இருக்கிறது, பிள்ளையை உட்கார வைக்கலாம். சைக்கிளைப் பற்றி எழுதுவது என்றால் எனக்கு அதுதான் அளவுகோல். புதுக்கோட்டை தட்டையான மாவட்டம் சார். ஏத்தம் பூஜ்யம்.

சரி, நாலு பேர் சைக்கிளில் போய்விட்டு எதையோ எழுதுகிறார்கள், அதற்கு ஏன் இவ்வளவு ஆவேசம் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். பதில் அரிட்டாபட்டியில் இருக்கிறது.

ஒத்தக்கடையில் யானைமலையை ஒட்டித் திரும்பி மேலூர்ப் பக்கம் மிதித்தால், மதுரையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர். ஏழு குன்றுகள், 72 குளங்கள், 200 சுனைகள் என்று கணக்கு. பாண்டியர் காலக் குடைவரை ஒன்று. பக்கத்தில் மீனாட்சிபுரம் மலையில் நெடுஞ்செழியன் பெயரைச் சொல்லும் தமிழிக் கல்வெட்டுகள், இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. சமணத் துறவிகளுக்காக வெட்டிய படுக்கைகள். 1882-ல் ராபர்ட் சூவெல் பார்த்துச் சொல்லி வெளியுலகுக்குத் தெரிந்தவை. வல்லூறு, தேவாங்கு, எறும்புதின்னி எல்லாம் குடியிருக்கும் இடம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்தது.

சரியாக இரண்டு வருஷம். 2024 நவம்பரில் இந்த இடத்தையும் சேர்த்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்தது. சுமார் இரண்டாயிரம் ஹெக்டேர். செய்தி வந்த அன்றைக்கு நகரத்தில் என்னைப்போல எத்தனையோ பேர் ‘அரிட்டாபட்டியா, எங்கே இருக்கிறது?’ என்று கேட்டோம். ஆமாம், நானும்தான். பதினைந்து கிலோமீட்டரில் ஆபீஸ் வைத்துக்கொண்டு, பத்திரிகைக்காரன் என்று வேறு சொல்லிக்கொண்டு. ஊர்க்காரர்கள் நமக்காகக் காத்திருக்கவில்லை. டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம் வந்தது. 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

கொடைக்கானல் ஏரிக்குள் சுரங்கம் தோண்டப்போகிறோம் என்று யாராவது ஏலம் விடுவார்களா? நினைத்தே பார்க்க மாட்டார்கள். அங்கே போட்டோ எடுத்தவர்கள் நாடு பூராவும் இருக்கிறார்கள். இங்கே, இதே மேலூர் வட்டாரத்தில், பாறைக் குன்றுகள் வருஷக்கணக்காகத் துண்டு துண்டாக அறுக்கப்பட்டு லாரி ஏறின. 2012-ல் கிரானைட் விவகாரம் வெடித்தபிறகுதான் நகரத்துக்கு அது செய்தியானது. ‘சுவாரஸ்யமில்லை, வேகமாகக் கடந்துவிடவும்’ என்கிற வரியை நான் சும்மா விட மாட்டேன் என்பதற்கு இதுதான் காரணம். சைக்கிள்காரன் அப்படி எழுதியதால் மலை போய்விட்டது என்று சொல்லவில்லை. அவ்வளவு செல்வாக்கு நமக்குக் கிடையாது. ஆனால், சுரங்கத்துக்கு இடம் குறிக்கிறவரும் வழிக்குறிப்பு எழுதுகிறவரும் அந்த இடத்தைப் பார்த்த விதம் ஒன்றுதானே? இரண்டு பேர் மேப்பிலும் அது காலி.

இரண்டாவது தடவை அரிட்டாபட்டி போனபோது நண்பரையும் இழுத்துக்கொண்டு போனேன். முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். ஊருக்கு முன்னால் ரோடு இரண்டாகப் பிரிகிற இடத்தில் செல்போன் வலப்பக்கம் காட்டியது. கண்மாய்க்கரையில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த ஒரு ஆத்தா எங்களையும் சைக்கிளையும் மேலும் கீழுமாகப் பார்த்தது.

‘எங்கிட்டுய்யா போகணும்?’

‘குடைவரைக் கோயிலுக்கு ஆத்தா.’

‘அப்ப ரோட்டுல போகாதீக, சுத்து. கம்மாக்கரை மேலயே போங்க. கலுங்கு வரும், அங்கன மட்டும் எறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க, பாசியா கெடக்கு, வழுக்கிரும். அந்தப் பக்கம் ஒரு புளியமரம், அங்கன பானையில தண்ணி இருக்கும். குடிச்சிட்டு மூடிய மறக்காம மூடி வைங்கய்யா, பின்னாடி பிள்ளைக வரும்.’

நண்பர் கண்மாயைப் பார்த்தார். தண்ணீர் கரை தொட்டு நின்றது, அதற்குள் மலை தலைகீழாக. செல்போனை எடுத்தவர் ஏத்தம் பார்க்கவில்லை. ‘இந்த வழிய யாராவது எழுதி வெச்சிருக்காங்களா சார்?’ என்றார்.